‘இருக்கலாம்’ என்று சொன்ன செவிலியர்

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, மருந்தகக் குழுத் தலைவர் திரு. மாதேஸ்வரன் அவர்களே, வெள்ளக்கடையிலிருந்தும் மாரமங்கலத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன் பேசிய ஐந்து பேரும் மறைந்த செவிலியர் சாந்தாமேரி அம்மையாரைத் தாய் என்றார்கள். தலைவர் ‘மலையின் விளக்கு’ என்றே பட்டம் கொடுத்துவிட்டார். நான் கேட்கிறேன்: நான்கு மாதங்களுக்கு முன் அந்த விளக்கை ஊதியது யார்? மருந்தகத்தின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் நம் பிள்ளைகளின் முகப்பருவுக்கு அவர் வழிசொல்லி வந்தாரே, அந்த அறையை மூடச்சொல்லி மனுக் கொடுத்தது யார்? சேலத்துக்காரர்களா? இந்த மண்டபத்தில் இருக்கும் நாம்தான்!

முகப்பருவா என்று சிலர் சிரிக்கிறீர்கள். இருபது வயதில் வேலைக்கான நேர்காணலுக்குப் போகாமல் ஊட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளையைப் பெற்றவர்கள் சிரிக்க மாட்டார்கள். நானும் ஒருகாலத்தில் சிரித்தவன்தான். முகத்தில் பரு உள்ள மாணவனை வகுப்பில் எழுப்பி, சோப்புப் போட்டு நன்றாகத் தேய் என்று சொன்ன ஆசிரியன் நான். அம்மையார் ஒருநாள் என்னைத் திருத்தினார். “சார், அழுக்கு இல்லீங்க. அந்தக் கிருமி உங்க முகத்துலயும் குடியிருக்குதுங்க. சிலருக்குத்தான் சண்டை வருது.”

காப்பித் தோட்டத்தைப் பாருங்கள். செடிக்கு மேலே நிழல்மரம், மரத்தில் மிளகுக்கொடி, கீழே மண்ணில் புழு, பூஞ்சை. எல்லாம் தன் தன் அளவில் இருக்கும்வரை தோட்டம் நன்றாக இருக்கிறது. அளவு கெட்டால் செடிக்கு நோவு. நம் தோலும் ஏறக்குறைய அப்படித்தான். குடலும் அப்படித்தான். குடலில் வாழும் நுண்ணுயிரிகள் உடம்பின் அழற்சியைக் கூட்டலாம், குறைக்கலாம். அதன் வழியாகப் பருவோடும் தொடர்பு இருக்கலாம். ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. சென்ற ஆண்டு வெள்ளக்கடைக் கூட்டத்தில் அம்மையார் சொன்னது இவ்வளவுதான்.

நாம் என்ன செய்தோம்? ‘இருக்கலாம்’ என்பதை வழியிலேயே உதிர்த்துவிட்டு, வயிற்றுக் கிருமியை மட்டும் ஊட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். வயிற்றில் கிருமி என்றால் நமக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே? ஊட்டுக்கு ஊடு பேதிக்கு விளக்கெண்ணெய் காய்ந்தது. தலைவர் அவர்களே, உங்கள் மருந்துக்கடை வாசலில் ‘வயிறு சுத்தம், முகம் சுத்தம்’ என்ற அட்டைக்குக் கீழே பேதி மாத்திரை அடுக்கியிருந்ததே, மறந்துவிட்டதா? நான் மறக்கவில்லை.

லாட்ஜில் வரவேற்பு வேலை பார்க்கும் லூர்துசெல்விக்கு அவள் தாய் ராசம்மாள் மூன்று நாள் தொடர்ந்து பேதிக்குக் கொடுத்தார். நான்காம் நாள் பெண் வேலை மேசையிலேயே மயங்கி விழுந்தாள். முதலில் ஓடியவர் யார்? அட்டை மாட்டியவரா? அம்மையார்தான். உப்புச் சர்க்கரைக் கரைசலை மிடறு மிடறாகக் கொடுத்தபடியே சொன்னாராம்: “கண்ணு, உன் வயிறு கழுவிக் கவுக்கற குண்டா இல்ல. அதுல நொம்பப் பேரு குடியிருக்காங்க. நல்லவங்களையும் சேத்துத் தொரத்திட்டா ஊட்டை யாரு பாத்துக்குவா?”

பழி மட்டும் அவர் தலையில் விழுந்தது. குழு அவரை நிற்கவைத்துக் கேட்டது: உறுதியாகத் தெரியுமா, தெரியாதா? அவர் சொன்னார்: “இருக்கலாம்னுதானுங்க தெரியுது. அதுக்கு மேல சொன்னா பொய்யுங்க.” தெரியாதவருக்கு அறை எதற்கு என்று மனு எழுதினார்கள். அதில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

ஆம், என்னுடையது. சரி, தவறு என்று இரண்டே குறி போட்டு முப்பத்தாறு ஆண்டு விடைத்தாள் திருத்தியவன். ‘இருக்கலாம்’ என்று எழுதியவனுக்கு நான் மதிப்பெண் கொடுத்ததில்லை. அம்மையாருக்கும் கொடுக்கவில்லை. அவர் இருந்தவரை மன்னிப்பும் கேட்கவில்லை. அதனால்தான் இன்று புகழ்ச்சி எதுவும் என் வாயில் வரவில்லை. உங்கள் வாயில் எப்படி வந்தது?

அறை பூட்டிய பிறகும் அவர் நிற்கவில்லை. லூர்துசெல்வியைச் சேலத்தில் தோல் மருத்துவரிடம் பஸ்ஸில் அழைத்துப் போனார். மருத்துவர் எழுதியதை மாதக்கணக்கில் விடாமல் போடவைத்தார். அந்தப் பெண் அதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். முகத்தில் இன்னும் நாலைந்து பரு இருக்கிறது, இருக்கட்டும். தலையைக் குனியாமல் உட்கார்ந்திருக்கிறாள், பாருங்கள். அவளைப்போல இன்னும் பதினோரு பேர் பாதி வழியில் நிற்கிறார்கள். அவர்களுக்கு இனி யார்? அட்டையா?

தலைவர் அவர்களே, பந்தல் நாற்காலி அடுக்க அறை வேண்டும் என்று நேற்று சாவி கேட்டு ஆள் அனுப்பினீர்கள். அம்மையாரின் பையிலிருந்து அவர் தம்பி ஜேசுதாஸ் எடுத்துக் கொடுத்த சாவி இதோ என் கையில் இருக்கிறது. தரமாட்டேன். மனுவில் போட்ட கையெழுத்தை, இத்தனை பேர் முன்னால், திரும்ப எடுத்துக்கொள்கிறேன். சேலத்தில் வேலை பார்க்கும் செவிலியர் ஜெஸ்லின் வாரம் ஒருநாள் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். பெயர் எழுத, பஸ் ஏற்றிவிட நான் இருக்கிறேன்.

வரும் சனிக்கிழமை பத்து மணிக்கு அந்தக் கதவு திறக்கும். தெரிந்ததைத் தெரியும் என்போம். தெரியாததை, அம்மையார் சொன்னபடியே, ‘இருக்கலாம்’ என்போம். பூட்ட வருகிறவர்கள் இன்று போட்ட மாலையை முதலில் கழற்றிக்கொண்டு போய்விட்டு, பிறகு வாருங்கள்.