ஹோமத்துக்கு ஒன்பது ஓக் குச்சி

மேற்கு டெக்சாஸ் பாலைவன மலையில் ஓக் மரங்களைச் சுற்றிக்காட்டும் வேன். எனக்குப் பின்சீட்டில் ஒரு தமிழ்த் தம்பதி.

"ஏங்க, ஒன்பது குச்சி ஒடிச்சுட்டேன்."

"எதுக்குடி?"

"நம்ம கிரீன் கார்டு ஹோமத்துக்குத்தான். அரசங்குச்சி கிடைக்கலன்னா ஓக் போதும்னு குருக்கள் சொன்னாரே."

"குச்சி ஒடிச்சா கேஸ்னு கைடு காலைலயே சொன்னாருடி! கேஸ் வந்தா கிரீன் கார்டே போச்சு."

"அப்ப நான் தூங்கிட்டிருந்தேன்."

"அடுத்த ஸ்டாப்ல யாருக்கும் தெரியாம மரத்தடியில போட்டுடு."

போட்டாள். அதோடு விட்டாளா? செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தை மூன்று முறை சுற்றிவந்து, குச்சிகளுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள்.

கைடு நெகிழ்ந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டார். ஒன்பது குச்சியும் அதில் தெளிவாக விழுந்திருக்கும்.