குருவி எந்திரிச்சாத்தான் சோறு

நாகல் நகரில், ஒடிந்த கை காலுக்குக் கட்டுப் போடும் வைத்தியர் வீட்டு வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கணுக்கால் சுளுக்கு. எனக்கு முன்னால் இருந்த சின்னாளப்பட்டிக்காரர் மடியில் துண்டுக்குள் எதையோ பொத்தி வைத்திருந்தார்.

"இது எந்திரிச்சாத்தான் எனக்குச் சோறு," என்றார், கையில் கட்டோடு இருந்த அம்மாளிடம்.

"எதுப்பா?"

"உழவாரக் குருவி, அக்கா. பொங்கலுக்கு வெள்ளையடிக்கையில கூட்டைத் தட்டிவிட்டுட்டேன். தரையில விழுந்தது எந்திரிக்கவே இல்ல. 'காலை ஒடிச்சிட்டியே பாவி'ன்னு எம்பொண்டாட்டி நேத்திருந்து அடுப்பே பத்த வைக்கல."

"அப்ப அவளும் பட்டினியா?"

"அவ அவங்க ஆத்தா வீட்டுல திங்கிறா. அடுத்த வீடுதான்."

வைத்தியர் குருவியைப் புரட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் ஒடியலப்பா. இதுக்குக் காலே இம்புட்டுத்தான். சொவத்துல தொத்தலாம், நடக்க ஏலாது. பூச்சி திங்கிறது, தண்ணி குடிக்கிறது எல்லாம் பறந்துக்கிட்டேதான். தரையில விழுந்தா கெளம்புறது கஷ்டம்."

சொல்லிக்கொண்டே தெருவுக்கு வந்து உள்ளங்கையை உயர்த்தினார். குருவி ஜிவ்வென்று கிளம்பி ஓட்டுக்கு மேலே போய்விட்டது.

சின்னாளப்பட்டிக்காரர் வைத்தியரைக் கும்பிட்டார். கும்பிட்ட கை இறங்குவதற்குள் முகம் வாடிவிட்டது.

"ஐயையோ, பறந்துருச்சுன்னா அவ நம்ப மாட்டாளே! செத்ததை வீசிட்டு வந்து பொய் சொல்றேம்பாளே!"

அந்த அம்மாள் எழுந்தார்.

"சாட்சி சொல்ல நான் வாரேன். ஆனா எனக்குச் சோத்துக்கையில கட்டு. உம்பொண்டாட்டிதான் ஊட்டிவிடணும்."