நாற்பத்தொரு வெள்ளை, ஒரு கறுப்பு

— கரண்டியைக் கீழ வை, எடுர்னே. அது பட்டா எல்லாம் போச்சு.

— பின்ன எதை வச்சுக் கிண்டுவ?

— கிண்டவே கூடாது. மண்சட்டியை ரெண்டு கையாலயும் பிடிச்சு ஆட்டணும். இப்படி. அவ்வளவுதான்.

— மீன், எண்ணெய், பூண்டு. வேற எதுவும் போடலையே, பெல்லோ?

— உன் கண்ணு முன்னாலதானே செய்றேன்.

— அப்ப இந்தப் பால் மாதிரி எங்கருந்து வருது?

— மீனோட தாடைச் சதையில இருக்கிற பசை. சூடு ஏறினாலும் வராது, ஆறினாலும் வராது. பொறு, பாரு.

— கடவுளே, கெட்டியாகுதே! சத்தியமா, இதே மீனைத்தான் பிரெச்சா சந்தையில நானும் வாங்குறேன். அதுக்குள்ள இப்படி ஒண்ணு ஒளிஞ்சிருக்குன்னு தெரியாமப் போச்சே.

— கத்தாதே அம்மணி. மேஜையில இருக்கிறவங்க எட்டிப் பாப்பாங்க.

— பாக்கட்டும். நமக்குக் கல்யாணம் ஆகி முப்பத்தொரு வருஷம். உங்க ஆம்பளைங்க சமையல் சங்கத்துல வருஷத்துக்கு ஒரு நாள் விருந்தாளியா அந்த மேஜையில உக்கார வச்சு, உன் சமையலைப் போட்டீங்க. இந்தக் கதவைத் தாண்ட விட்டீங்களா? பொம்பளை உள்ள வந்தா இந்தத் தொனோஸ்தியா ஊர்லயே மீன் கிடைக்காமப் போயிடும் போல.

— அதான் போன மாசம் சட்டத்தை மாத்தியாச்சே.

— நீ பாடுற, பெல்லோ.

— யாரு, நானா?

— சட்டியை ஆட்டும்போது மெதுவாப் பாடுற. வீட்டுல ஒரு முட்டை பொரிக்கச் சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவ. இந்தக் கை, இந்தத் தோள்... யாரோ வேற மனுஷன் பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு. உடம்பெல்லாம் சிலிர்க்குது எனக்கு.

— ரொட்டியை அறு.

— பேச்சை மாத்தாதே. சாப்பிட்டதும் என்னைச் சேக்கலாமான்னு ஓட்டுப் பெட்டி சுத்தி வரும். எல்லாரும் வெள்ளை அவரைக்கொட்டை போட்டா நானும் சங்கத்துல ஒருத்தி. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் நான் வெளிய.

— தெரியும்.

— போன மாசம் சமையலறைக்குள்ள பொம்பளைங்க வரலாமான்னு கேட்டப்ப, நாப்பத்தொரு வெள்ளை, ஒரு கறுப்பு. சட்டம் மாத்தப் பெரும்பான்மை போதும், தப்பிச்சுது; ஆள் சேக்க அப்படி இல்ல. அந்த ஒருத்தன் இன்னிக்கும் போடுவான். யாருன்னு சொல்லு. நானே போய்ப் பேசுறேன்.

— ரகசிய ஓட்டு, அம்மணி.

— கோயோவா? அந்தக் கிழவன் என்னைப் பாத்து ஒரு நாள் சிரிச்சதில்ல.

— அவர் யாரைப் பாத்தும் சிரிக்க மாட்டார். உன்னைச் சங்கத்துல சேக்கணும்னு முதல்ல சொன்னதே அவர்தான்.

— பின்ன யாரு? சொல்லேன், மனுஷா. இவ்வளவு நாள் கழிச்சு உள்ள வந்திருக்கேன், இதைப் பாத்துட்டேன். இனி என்னால வெளிய உக்காந்திருக்க முடியாது. ஏன் ஆட்டுறதை நிறுத்திட்ட? ஐயோ, எண்ணெய் பிரியுது பாரு!

— நான்தான்.

— என்ன நீதான்?

— கறுப்புக் கொட்டை போட்டது.

— நீயா? எதுக்கு, பெல்லோ?

— இங்க நான் எவ்வளவு சந்தோஷமா இருக்கேன்னு நீ பாத்துடக் கூடாதுன்னுதான்.