பூச்சண்டை நாளில் மாற்றிய கோட்டு

பெயர்: டொலறஸ் எட்வேட். வயது: 35. பிறந்த ஊர்: பேசாலை, மன்னார். தொழில்: மருத்துவமனைச் சலவைப் பகுதியில் வேலை. தற்போதைய இருப்பிடம்: ஈஸ்ட் ஹாம், லண்டன். வீட்டு இலக்கமும் வீதியும் தனித்தாளில் கொடுத்துள்ளேன். பதிவு செய்த நாள்: 03.05.1991, வெள்ளிக்கிழமை, முற்பகல் 10.40. மொழிபெயர்ப்பாளர்: ஸ்ரீஸ்கந்தராஜா.

நான் சொல்வது எனக்கு எதிராகப் பயன்படலாம் என்று பொலிஸ் அதிகாரி சொன்னதை மொழிபெயர்ப்பாளர் மூலம் விளங்கிக்கொண்டேன். வழக்கறிஞர் வரும்வரை காத்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். காத்திருக்க நேரமில்லை என்று சொன்னேன்.

என் தங்கை இம்மாகுலேற்றை, வயது 28, திங்கட்கிழமை முதல் காணவில்லை. அவள் இந்த நாட்டுக்குள் வந்தது என் பாஸ்போட்டில், என் பெயரில். அந்த ஏற்பாட்டுக்குச் சம்மதித்து அவளைப் பழக்கியது நான்.

தங்கை சென்ற ஆண்டு புரட்டாதி மாதம் பாரிசுக்கு வந்து சேர்ந்தாள். அங்கே அவளுடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து மாசி மாதத்துக்குப் பிறகு அவள் அறையைவிட்டு அதிகம் வெளியே போகவில்லை. நான் பொதுத் தொலைபேசியிலிருந்து அவளுடைய அறைக்குக் கீழேயுள்ள கடைக்கு அழைத்துப் பேசுவேன்.

அதற்குப் பிறகு என் கணவர் எட்வேட்டின் ஒன்றுவிட்ட தம்பி கஸ்பர் ஒரு வழி சொன்னார். பிரான்சின் கடற்கரைப் பட்டணம் ஒன்றில் ஒவ்வொரு வசந்தகாலத்திலும் பூத்தேர் விழா நடக்கிறது. லண்டனிலிருந்து ஒரு சுற்றுலா பஸ் அதற்குப் போய் மூன்றாம் நாள் திரும்பும். பட்டணத்தின் பெயர் எனக்கு உச்சரிக்க வராது. பயணச் சீட்டை அதிகாரியிடம் கொடுத்துள்ளேன். சென்ற வருடம் கஸ்பர் அதில் போயிருந்தார்.

"திரும்பி வரேக்கை முழுக்கப் பூவோடை இருக்கிற வெள்ளைக் கிழவிகள் அண்ணி. டோவர் துறைமுகத்திலை ஒபிசர் பஸ்ஸுக்குள்ளை ஏறினவன், பூவை மணந்துபோட்டு இறங்கிப் போட்டான். ஒரு பாஸ்போட் புத்தகமும் திறக்கேல்லை" என்றார்.

ஏப்ரல் 27, சனிக்கிழமை, கஸ்பரும் நானும் அந்த பஸ்ஸில் போனோம். தெரியாதவர்கள்போல வேறு வேறு இருக்கைகளில் இருந்தோம். நான் சிவப்புக் கோட்டு அணிந்திருந்தேன். பஸ்ஸை நடத்திய பெண் ஆட்களை எண்ணும்போது என் கோட்டைப் பார்த்தே எண்ணினார். முகத்தைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

ஞாயிறு காலை தங்கை ரயிலில் அந்தப் பட்டணத்துக்கு வந்தாள். ஏழு வருடங்களுக்குப் பிறகு அவளைக் கண்டேன். கடற்கரைச் சுவரில் இருந்துகொண்டு இரண்டு மணித்தியாலம் கேள்வி கேட்டுப் பழக்கினேன். பெயர் கேட்டேன், டொலறஸ் என்றாள். பிறந்த திகதி கேட்டேன், என்னுடையதைச் சொன்னாள். பிறகு, "ஒரே நாளிலை ஏழு வயசைக் கூட்டிப்போட்டியள் அக்கா. இனி என்னை ஆர் கட்டுவான்?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. முகவரி கேட்டேன். என் பாஸ்போட்டின் கடைசிப் பக்கத்தில் நான் முன்பு எழுதிவைத்த, லண்டனில் எட்மண்டன் பகுதியில் இருந்த எங்கள் பழைய வீட்டு முகவரியைச் சொன்னாள். நாங்கள் ஈஸ்ட் ஹாமுக்கு வீடு மாறி ஆறு கிழமைதான் ஆகிறது. பாஸ்போட்டில் உள்ளதும் அவள் சொல்வதும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதால் புதிய முகவரியை நான் அவளுக்குச் சொல்லவில்லை. கஸ்பர் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விடுவார் என்பதால் அது தேவைப்படாது என்று நினைத்தேன்.

"ஆர் கேட்டாலும் இதைத்தான் சொல்லவேணும். பொலிஸ் கேட்டாலும், டொக்டர் கேட்டாலும், அடிச்சுக் கேட்டாலும் உன்ரை பேர் வாயிலை வரப்படாது" என்று சொன்னேன். ஓம் என்றாள்.

அதன்பின் இரண்டு மணிக்கு விழா தொடங்கியது. ஒவ்வொரு தெருவாரும் ஒரு தேர் செய்து, கம்பி வலையில் பூக்களைக் குத்தி, கடற்கரை வீதியில் மூன்று சுற்று இழுத்து வருகிறார்கள். முதல் இரண்டு சுற்றிலும் பூவை யாரும் தொடக்கூடாது. மூன்றாவது சுற்றில் துறைமுகத்தில் ஒரு வெடி போடுவார்கள். அதிலிருந்து எல்லோரும் தேரில் உள்ள பூக்களைப் பிடுங்கி ஒருவருக்கு ஒருவர் எறிவார்கள். பூச்சண்டை என்று கஸ்பர் சொன்னார். அந்தநேரம் தலையை எண்ண ஒருவராலும் முடியாது என்பதால் அப்போது கோட்டை மாற்றுவதாக ஏற்பாடு.

வெடியைப் பற்றி நான் தங்கையிடம் சொல்ல மறந்துவிட்டேன். வெடித்ததும் அவள் என் கையை விட்டுவிட்டு வீதியில் குப்புற விழுந்து இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்து அவள்மேல் பூக்களைக் கொட்டினார்கள். முதுகு தெரியாத அளவுக்குப் பூ விழுந்தது. ஒரு சிறுமி குனிந்து அவள் காதில் ஒரு பூவைச் செருகினாள். நான் பூவைக் கிளறி அவளை எழுப்பினேன். அப்படியே தேரின் மறைவில் வைத்து என் கோட்டை அவளுக்குப் போட்டு, பாஸ்போட்டை அதன் பையில் வைத்தேன். ஒரு பிடி மஞ்சள் பூவை அவள் கையில் கொடுத்தேன். அது முட்செடியில் பூக்கும் சிறு பூ, காய்ந்தாலும் சீக்கிரம் உதிராது. "வீடு போய்ச் சேருமட்டும் பூவை விடாதை. பூ இருந்தா ஒருத்தரும் உன்னைச் சந்தேகப்படமாட்டினம்" என்று சொன்னேன்.

அதன்பின் அவள் கஸ்பருக்குச் சற்றுப் பின்னால் பஸ்ஸை நோக்கி நடந்தாள். நான் அவளுடைய மெல்லிய அங்கியைப் போட்டுக்கொண்டு ரயிலில் பாரிசுக்குப் போய் அவளுடைய அறையில் தங்கினேன்.

டோவரைக் கடந்ததும் கஸ்பர் பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு, புதன்கிழமை எனக்குக் கொண்டுவந்து தருவதாகப் பேச்சு. புதன் மாலை வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. பாஸ்போட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

"பிள்ளை எங்கை கஸ்பர்?" என்று கேட்டேன்.

"டோவரிலை ஒபிசர் அவளின்ரை பாஸ்போட் புத்தகத்தை மட்டும் திறந்தவன் அண்ணி. ஒண்டும் பிசகாமல் சொன்னவள். உங்களைவிட வடிவாச் சொன்னவள்" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினார்.

அவர் சொன்னதாவது: திங்கள் பிற்பகல் லண்டன் நியூ கிராசில் தண்ணீர்க் குழாய் வெடித்து வீதியை மூடியிருந்தார்கள். மாற்று வழி சொல்வதற்காக ஒரு பொலிஸ்காரர் முன்கதவால் பஸ்ஸில் ஏறிச் சாரதியுடன் பேசினார். ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்காது. பஸ் புறப்பட்டபின் கஸ்பர் திரும்பிப் பார்த்தபோது தங்கையின் இருக்கையில் ஆள் இல்லை. நடுக்கதவு சரியாக மூடப்படாமல் இருந்தது. பஸ்ஸை நிறுத்தி அந்தத் தெருக்களில் இருட்டும்வரை தேடியும் காணவில்லை.

அதற்குப் பிறகு நான் நேற்று, வியாழன், லண்டன் வந்து சேர்ந்தேன். எட்வேட் மூன்று மருத்துவமனைகளுக்குத் தொலைபேசி எடுத்து இம்மாகுலேற் என்று யாரும் இருக்கிறார்களா என்று கேட்டிருந்தார். அந்தப் பெயரை அவள் சொல்லமாட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளிடம் இருப்பது என் பெயரும் எட்மண்டன் முகவரியும் மட்டுமே.

உடனே எட்மண்டனுக்குப் போனோம். எங்கள் பழைய வீட்டில் இப்போது வயதான ஆங்கிலேயப் பெண் ஒருவர் இருக்கிறார். செவ்வாய் மாலை ஐந்து மணிபோல ஒரு பெண் மணியடித்ததாகச் சொன்னார். சிவப்புக் கோட்டு, சேறு படிந்த சப்பாத்து. ஒன்றும் பேசாமல் காய்ந்த மஞ்சள் பூவை நீட்டினாளாம். பூ விற்பவள் என்று நினைத்து, வேண்டாம் என்றாராம். அதன்பின் அவள் பெயர், பிறந்த திகதி, அந்த வீட்டு முகவரி எல்லாவற்றையும் வரிசையாக ஆங்கிலத்தில் ஒப்பித்திருக்கிறாள். தான் டொலறஸ் என்றும் தன் வீடு இதுதான் என்றும் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா பயந்து கதவைப் பூட்டிவிட்டார். யன்னலால் பார்த்தபோது கொஞ்சநேரம் படியில் இருந்துவிட்டு எழுந்து போனாளாம். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. படியையும் தெருவுக்குப் போகும் ஒழுங்கையையும் நான் பார்த்தேன். ஒரு பூக்கூட விழுந்திருக்கவில்லை.

பொலிசுக்குப் போகவேண்டாம் என்று எட்வேட் மறித்தார். "உன்னையும் கஸ்பரையும் மறியலிலை போட்டுப் பூட்டுவாங்கள், அவளைப் பிடிச்சா நேரை கொழும்புக்குத்தான் ஏத்துவாங்கள். யோசிச்சியோ?" என்றார்.

"பிடிச்சாலாவது அவள் எங்கை எண்டு தெரியும்" என்று சொன்னேன்.  இன்று காலை எட்வேட் பொலிஸ் நிலைய வாசல்வரை கூட வந்தார்.

என்னைத் தண்டிப்பது பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் எல்லா நிலையங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அறிவிக்கும்படி கேட்கிறேன். இம்மாகுலேற் என்று தேடினால் அவள் கிடைக்கமாட்டாள். டொலறஸ் எட்வேட், 14.02.1956, எட்மண்டன் என்று பிசகாமல் சொல்லும் ஒரு பெண் எங்காவது இருந்தால், அவள் சொல்வதை நம்பவேண்டாம். அவளை வீட்டுக்கு அனுப்பவும் வேண்டாம். அந்த வீடு அவளுக்குக் கதவு திறக்காது.

அவளிடம் காட்டுவதற்காகத் தமிழில் என் கையால் ஒரு தாள் எழுதி இத்துடன் இணைத்துள்ளேன். அதில் உள்ளது: "இம்மாகுலேற், பொலிசிலை எல்லாம் சொல்லிப்போட்டன். இனி உன்ரை பேரைச் சொல்லு. பூவைக் கீழை வை. அக்கா வாறன்."

இந்த வாக்குமூலம் எனக்குத் தமிழில் இரண்டு தடவை வாசித்துக் காட்டப்பட்டது. சொன்னபடியே இருக்கிறது. கூட்டவோ குறைக்கவோ எதுவுமில்லை, எல்லாம் உண்மை. டொலறஸ் எட்வேட் என்பவள் நானே என்பதற்கு என் பாஸ்போட்டை ஒப்படைத்துக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) டொலறஸ் எட்வேட்
03.05.1991, பிற்பகல் 1.15