மூடி திறக்கும் ஓசை

ஹேசல் கொட்டைகளை ஓட்டோடு வைப்பதே நல்லது. ஓட்டைக் கடித்துத் திறக்கும் வேலை இல்லாவிட்டால் அணிலின் பற்கள் அளவின்றி வளர்ந்துவிடும். பனிக்காலத்தில் இரக்கப்பட்டு உடைத்த பருப்பை வைப்பவர்களை என் மனைவி ஹில்டா எளிதில் மன்னித்ததில்லை. தேநீரைக் குடியுங்கள், அதிகாரி அவர்களே, ஆறிவிடும். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன். ஒளிப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

பெயர் நினியன் மௌன்சி. வயது எழுபத்தாறு. இந்த ஹெஸ்கில் பள்ளத்தாக்கின் தேவாலயத்தில் நாற்பத்தோராண்டு ஆர்கன் வாசித்தேன். செவ்வணில் காவற்குழுவைத் தொடங்கியவள் ஹில்டா. அதன் விதிகள் அனைத்தும் அவள் கைப்பட எழுதியவை. நான் அவளுக்குச் சாக்குப் பிடிப்பவன். அதற்கு மேல் எனக்குப் பதவி இருந்ததில்லை.

சாக்கு எதற்கென்று உங்களுக்குத் தெரியும். சாம்பல் அணில் தெற்கிலிருந்து ஆண்டுக்கு ஒரு காடாக ஏறி வந்தது. அதனிடம் பகை இல்லை. பசி மட்டுமே உண்டு. ஆனால் அதன் குருதியில் ஓர் அம்மை குடியிருக்கிறது. சுமக்கிறவனை அது தீண்டாது. செவ்வணிலின் கண்ணையும் வாயையும் புண்ணாக்கிப் பதினைந்து நாளில் கொன்றுவிடும். ஆகவே கூண்டில் அகப்பட்ட சாம்பல் அணிலைத் திரும்ப விடலாகாது. சட்டமும் அதையே சொல்கிறது. ஹில்டா அதைச் சாக்கின் மூலைக்குத் தள்ளி, குட்டையான ஒரு தடியால் ஒரே அடியில் முடிப்பாள். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, படைத்தவனிடம் அந்த உயிருக்காக ஒரு வரி மன்றாடுவாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பேன்.

"முடிஞ்சுது நினியன், கண்ணைத் தொற. ஆர்கன் வாசிக்கிற விரலுக்கு ஒண்ணும் ஆகல," என்பாள்.

சென்ற ஆகஸ்டில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. இடப்பக்கம் முழுதும் போயிற்று; பேச்சும் அறிவும் அப்படியே இருந்தன. அவள் கட்டிலைக் கீழறையின் சன்னலோரம் போட்டோம். வெளியே மேப்பிள் மரத்தில் அணில்களுக்கான தீனிப் பெட்டி இருந்தது. செவ்வணில் மூக்கால் அதன் மூடியை முட்டித் தூக்கும்; தலையை வெளியே எடுத்ததும் மூடி 'டொக்' என்று விழும். விடியலில் முதல் 'டொக்' கேட்டதும் அவள் கண் மலரும். ஒவ்வொன்றையும் வாலின் நிறத்தாலும் காதுக் குடுமியாலும் அறிவாள். எல்லாவற்றுக்கும் ஊரார் பெயரே வைத்திருந்தாள்.

"பாரு, பாதிரியார் வந்துட்டாரு. இது மூணாவது காணிக்கை. இந்த ஆளுக்கு வெக்கமே கெடையாது."

செப்டம்பரில் கூண்டில் ஒரு சாம்பல் அணில் விழுந்தது. வனக்காவலர் கெயில் ஃபியரனை அழைத்திருக்க வேண்டும். அழைத்தால் பத்து நிமிடத்தில் வந்திருப்பாள். நான் குனிந்து பார்த்தேன். அது முன்கால்களை மார்பில் சேர்த்துக்கொண்டு என்னைப் பார்த்தது. கூண்டின் கதவைத் தூக்கினேன். ஹில்டாவிடம் கூண்டு காலி என்றேன். மறுவாரம் அது எங்கள் பெட்டியில் தின்றுகொண்டிருந்தது. ஹில்டா அப்போது உறங்கிக்கொண்டிருந்தாள். கொல்ல மாட்டாதவனாக இருப்பது ஒரு குற்றமென்று அந்நாளில் எனக்குத் தோன்றவில்லை.

அக்டோபரில் கீழ்க்காட்டில் அம்மைப்புண்ணோடு ஒரு செவ்வணில் செத்துக் கிடந்தது. கெயில் வீடுவீடாக வந்து பெட்டிகளைக் கழற்றச் சொன்னாள். ஒரே தட்டில் பல வாய்கள் கூடினால் நோய் பரவும். அந்த விதியை எழுதியவளும் ஹில்டாதான்.

"நம்ம பெட்டியத்தான் மொதல்ல கழட்டணும்," என்றாள். "நான் கழட்டலேன்னா ஊர்ல எவன் கழட்டுவான்?"

கழற்றினேன். சன்னலில் மரம் மட்டும் நின்றது. முதல் நாள் அவள் பாதித் தட்டு உண்டாள். இரண்டாம் நாள் ரொட்டியைத் தொடவில்லை. காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை அவளைப் பார்த்துக்கொள்ள ஷாரன் என்ற பெண் வருவாள்.

"கண்ணு, ஒரு வாய். எனக்காக," என்று கெஞ்சுவாள். பிறகு அடுக்களைக்கு வந்து என்னிடம், "ரெண்டு ஸ்பூனுக்கு மேல எறங்கலங்க. இப்பிடியே போனா எத்தன நாளுக்கு?" என்பாள்.

அவள் கேட்டது அதுதான். நான் விடை சொல்ல வேண்டியதும் அதற்குத்தான். ஆறாம் நாள் காலை பெட்டியை மீண்டும் மரத்தில் அறைந்தேன்.

"என்ன அடிக்கிற?" என்றாள் ஹில்டா.

"கெயில் போன் பண்ணா. எல்லாம் சரியாயிடுச்சாம்."

"அஞ்சு நாள்லயா?"

"அது அம்மையே இல்லையாம். வேற ஏதோ நோயாம்."

அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். "சரி," என்றாள். அன்று ஒரு முட்டையை முழுதாக உண்டாள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பள்ளத்தாக்கில் மற்றெல்லாரும் விதிப்படி பெட்டிகளைக் கழற்றிவிட்டார்கள். ஆகவே பசித்தவை அனைத்தும் திறந்திருந்த ஒரே பெட்டிக்கு வந்தன. காலைத் திருப்பலிக்கு மக்கள் கூடுவதுபோல எங்கள் மேப்பிளில் கிளைதோறும் செம்பொன் வால்கள் ஆடின. அந்த இரு வாரம் ஹில்டா எவ்வளவு மகிழ்ந்திருந்தாள் என்பதை உங்களால் எழுத முடியாது. புதியவர்களுக்குப் பெயர் போதாமல் கவுண்டி மன்ற உறுப்பினர்களின் பெயரையெல்லாம் வைத்தாள்.

மூன்றாம் வாரம் பாதிரியார் மரத்தடியில் ஒடுங்கிக் கிடந்தார். இமைகள் ஒட்டியிருந்தன, உதட்டில் பொருக்கு. அவள் விழிக்கும் முன்னே வெளியே போய், ஹில்டாவின் தடியைக் கொண்டு முடித்தேன். முகத்தைத் திருப்பவில்லை. மன்றாட்டையும் சொன்னேன், அவளிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்தது. அதன்பின் அனேகமாக நாள்தோறும் ஒன்று. முட்செடி வேலியின் பின்னால் புதைத்தேன். நவம்பர் முடிவதற்குள் பதினான்கு. அவை என் கண்ணில் பட்டவை மட்டும்; காட்டுக்குள் போய் விழுந்தவற்றை நான் அறியேன்.

பிறகு பெட்டி ஓய்ந்தது. ஹில்டா மீண்டும் தட்டைத் தள்ளினாள்.

மலைக்கு அப்பால் ஸ்வார்த்கில் என்றொரு ஊசியிலைக் காடு. அங்கே நோய் அணுகவில்லை, பள்ளத்தாக்குகளின் நம்பிக்கை இனி அந்தக் காடுதான் என்று கெயில் சொல்லியிருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் ஷாரன் வீட்டில் இருக்கும் இரண்டு மணி நேரத்தில் ஹில்டாவின் கூண்டை வண்டியில் வைத்துக்கொண்டு அங்கே போனேன். அகப்பட்டதைக் கொண்டுவந்து எங்கள் மரத்தடியில் விடுவேன். மிரண்டு ஓடியவை உண்டு. கொட்டையின் மணத்துக்கு நின்றவையும் உண்டு. நின்றவை பத்து நாள், பன்னிரண்டு நாள் இருந்தன. பெட்டியை வெந்நீராலும் மருந்தாலும் கழுவ வேண்டும் என்பது விதி. கழுவினால் அந்த வாடைக்கு மூன்று நாள் எதுவும் வராது. மூன்று நாளை ஹில்டா தாங்கமாட்டாள். எனவே கழுவவில்லை. கூண்டையும் கழுவவில்லை. அது மறதி என்று எழுதுங்கள்.

டிசம்பர் நடுவில் ஒரு மாலை, நான் அவளுக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது மூடி விழுந்தது. ஹில்டா திரும்பிப் பார்த்தாள். வாயிலிருந்த சூப்பை விழுங்கவில்லை.

"இது நம்ம மரத்து ஆளு இல்ல," என்றாள்.

"குட்டிங்க வளர்ந்திருக்கும்."

"எனக்கே சொல்லித் தரியா? அந்தக் குடுமியப் பாரு. கறுப்பு. ஸ்வார்த்கில் அணிலுக்குத்தான் அப்பிடி." அவள் கண் கிளைகளில் தேடியது. "பாதிரியார் எங்க? ஒரு மாசமா காணோமே. விதவை எங்க?"

நான் கரண்டியைத் துடைத்தேன்.

"நினியன், மலைக்கு அந்தப் பக்கம் போனியா?"

"இல்ல ஹில்டா."

"கெயில வரச் சொல்லு. இப்பவே. வெளிய போய் அந்தப் பெட்டியக் கழட்டிட்டு, கெயில வரச் சொல்லு."

"காலைல சொல்றேன். அவ ஊர்ல இல்ல."

கெயில் ஊரில்தான் இருந்தாள். அவள் வண்டியின் விளக்கைச் சன்னல் வழியே ஹில்டாவும் கண்டிருக்கலாம். என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாற்பத்தெட்டு ஆண்டில் அவள் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. மறுநாள் விடிவதற்குள் இரண்டாம் தாக்கு வந்தது. இத்தகைய தாக்குகளுக்குக் காரணம் தேட வேண்டாமென்று மருத்துவர் சொன்னார். அவர் நல்ல மனிதர்.

அதன்பின் அவளிடம் ஒரே ஒரு சொல் எஞ்சியது. "வேணாம்." கஞ்சிக்கும் அதுதான், தலையணைக்கும் அதுதான், ஷாரன் தலை சீவினாலும் அதுதான். மூளையில் தங்கிவிட்ட வெறும் ஒலி, பொருள் கொள்ளாதீர்கள் என்றார் மருத்துவர். ஆகவே மூடி விழும்போதெல்லாம் அவள் "வேணாம்" என்றதற்கு நானும் பொருள் கொள்ளவில்லை. கண்களை இறுக மூடிக்கொள்வாள். நல்ல இசையைக் கேட்கிறவர்கள் கண்ணை மூடுவார்கள்; ஆர்கன் மேடையிலிருந்து நான் பல்லாண்டு கண்டதுதான் அது. அவள் கன்னம் நனைந்திருக்கும். துடைத்துவிடுவேன். செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் ஸ்வார்த்கில் போனேன்.

மார்ச் நான்காம் தேதி, திங்கட்கிழமை, கிழக்கு வெளுக்கும் வேளையில் ஹில்டா இறந்தாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். ஒன்பதாம் தேதி அடக்கம் செய்தோம். ஆர்கனை நானே வாசித்தேன். காவற்குழுவினர் எல்லாரும் வந்திருந்தார்கள். ஹெஸ்கிலில் இனி ஒரு செவ்வணிலும் இல்லை என்பதை, கல்லறையருகே வைத்து, கெயில்தான் எனக்குச் சொன்னாள். "ஹில்டாம்மா இதைப் பாக்காம போனதே நல்லது," என்று என் தோளைத் தொட்டாள். அவளுக்கு நன்றி சொன்னேன்.

அதே கெயில்தான் இருபத்தொன்பதாம் தேதி என்னைக் கண்டாள். ஸ்வார்த்கிலில் அம்மைப்புண்ணோடு இரண்டு அணில்கள் கிடப்பதாக யாரோ சொல்லி வந்திருக்கிறாள். நான் கூண்டை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"மிஸ்டர் மௌன்சி, அது ஹில்டாம்மா கூண்டுதானே?" என்றாள். பிறகு உள்ளே இருந்ததைப் பார்த்தாள். "எத்தனங்க?"

"இது இருபத்திரண்டாவது."

"மிச்சம் இருந்தது இந்தக் காடு ஒண்ணுதாங்க," என்றாள். கோபமாகக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஈரத்தரையில், சருகின்மேல் உட்கார்ந்துவிட்டாள். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். கூண்டின் கதவை அவளே திறந்திருக்கலாம்; அதற்கும் வழியில்லை, உள்ளே இருந்த அணிலின் இமைகள் ஏற்கெனவே அம்மையில் ஒட்டத் தொடங்கியிருந்தன.

அவ்வளவுதான். சாம்பல் அணிலை விட்டது நான். பெட்டியை மீண்டும் மாட்டியது நான். நோயை மலை தாண்டிக் கொண்டுபோனதும் நான். கையெழுத்திடத் தடையில்லை.

ஒன்று மட்டும். அடக்கம் ஒன்பதாம் தேதி, அகப்பட்டது இருபத்தொன்பதாம் தேதி என்று நீங்கள் ஓரத்தில் கோடிட்டிருப்பதைக் கவனித்தேன். இரண்டு தேதியும் சரிதான். இடையில் கொண்டுவந்தவை ஐந்து. காலையில் மூடி விழாவிட்டால் இந்த வீட்டில் என்னால் எழுந்திருக்க முடிவதில்லை. ஆனாலும் நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள்: இவை எல்லாவற்றையும் ஹில்டாவுக்காகத்தான் செய்தேன்.