ரோசாலியின் குதிகால்கள்

எங்கள் குடும்பத்தில் வீட்டுக்குள் வெறுங்காலோடு திரிகிற பழக்கம் என் தங்கை ரோசாலிக்கு மட்டும்தான் உண்டு. ஜனவரி மாதத்தில், ஜன்னலுக்கு வெளியே எல்லாம் உறைந்து கிடக்கும்போது, அவள் சமையலறைத் தரையில் வெறுங்காலில் நின்றுகொண்டு உருளைக்கிழங்குக்குத் தோல் சீவுவாள். சுகாதார அலுவலகத்திலிருந்து நீங்கள் இவ்வளவு தூரம் பனியில் வண்டி ஓட்டி வந்திருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளத்தான் போகிறீர்கள் என்றால் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பித்தவெடிப்பைத் தொடங்கி வைத்தது நான் இல்லை.

என் பெயர் நெட்டி. வயது எழுபத்தொன்று. இந்த டாஃபின் ஊரில், இதே வீட்டில், நாற்பத்தாறு வருடமாக இருக்கிறேன். கணவர் பீட்டர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அதன் பிறகு ஐந்து வருடம் தனியாக இருந்தேன். அது கஷ்டமாக இருந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒருவருக்கு மட்டும் போர்ஷ்ட் வைக்க முடியாது, அவ்வளவுதான். எவ்வளவு குறைத்து வைத்தாலும் பானை நிறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வைத்த பீட்ரூட் சூப்பைப் புதன்கிழமை வரை குடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பிறகு ரோசாலியின் கணவரும் இறந்தார். அவள் வின்னிபெக் வீட்டை விற்றுவிட்டு இரண்டு பெட்டிகளோடு என்னிடம் வந்தாள். என்னைவிட நான்கு வயது சின்னவள். பானை திங்கட்கிழமையே காலியானது.

முதல் குளிர்காலத்தில் அவள் குதிகால்கள் வறண்டன. இங்கே ஆறு மாதம் சூடாக்கும் யந்திரத்தின் வறண்ட காற்று வீட்டுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், தோலில் ஒரு சொட்டு ஈரம் தங்காது. அடுத்த குளிர்காலத்தில் வெடிப்பே வந்துவிட்டது. அதை நான்தான் குணப்படுத்தினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு யாரும் சொல்ல மாட்டார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. முழங்கையை வைத்துப் பார்த்தால் சூடு உறைக்கக் கூடாது. நுரைக்கல்லால் மெல்ல, ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும். துண்டால் துடைக்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதும் காய்வதற்குள் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவி, பருத்திக் காலுறை மாட்டிவிட வேண்டும். வீட்டுக்குள்ளும் செருப்பு. மூன்றே வாரத்தில் அவள் குதிகால் பிசைந்த மாவு மாதிரி ஆகிவிட்டது.

"உனக்குக் கைராசி, நெட்டி. இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் சும்மா உக்காரப் போறதில்ல, பாரு" என்றாள்.

சொன்னபடியே உட்காரவில்லை. சனிக்கிழமைதோறும் தேவாலயக் கூடத்தில் நடக்கும் நடனத்துக்குப் போனாள். அங்கேதான் ஓரெஸ்ட் வந்தார். ராப்லின் பக்கம் கோதுமை விளைவிக்கிறவர், மனைவியை இழந்தவர், பெரிய காது. போல்கா சுமாராகத்தான் ஆடுவார், ஆனால் களைப்படைய மாட்டார். இரண்டு மாதம் கழித்து, நாங்கள் பெரோகிக் கொழுக்கட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரோசாலி முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நெட்டி, ஓரெஸ்ட் ஒண்ணு கேக்கறார்."

"என்னவாம்?"

"பனி உருகினதும் பண்ணைக்கு வரச் சொல்றார்."

"எத்தனை நாளைக்கு?"

"நாளை எண்ணியா கூப்பிடுவாங்க? அங்கயே இருக்கச் சொல்றார்."

நல்லதுதானே என்றேன். பெரோகி ஆறிப்போகிறது, சாப்பிடு என்றேன். அன்று சாயங்காலம் அவள் தினமும் கால் ஊறவைக்கும் தண்ணீர் கொஞ்சம் சூடாகப் போய்விட்டது.

திட்டமிட்டுச் செய்ததாக நீங்கள் நினைக்கக் கூடாது. "சூடா இருந்தா சுகமா இருக்கே" என்று அவளே சொன்னாள். ஒரு மனுஷி சுகமாக இருக்கிறது என்று சொல்லும்போது இல்லை என்று மறுக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் சூடு. பத்து நிமிடத்தை ஒரு மணி நேரமாக்கினேன், அவள் தொலைக்காட்சியில் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்ததால் அதை உணரவில்லை. தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றினேன், நுரை அழகாக வந்தது. நுரைக்கல் தேய்ந்துவிட்டது என்று சொல்லி, பீட்டரின் கருவிப்பெட்டியிலிருந்து மரம் ராவும் அரம் ஒன்றை எடுத்து வந்தேன். காற்றில் ஈரம் சேர்க்கும் சின்ன யந்திரம் அவள் அறையில் இருந்தது. அது இரைச்சல் போடுகிறது என்று நிலவறைக்குக் கொண்டுபோனேன். உண்மையிலேயே கொஞ்சம் இரையும்.

பனி உருகியபோது ரோசாலியால் படி இறங்க முடியவில்லை. வெடிப்பு ஒவ்வொன்றிலும் தீக்குச்சி முனை போகும். ஓரெஸ்ட் இரண்டு முறை லாரியோடு வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார்.

"கால் ஆறட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொல்லிட்டேன். பண்ணைக்குப் போய் நான் நொண்டிக்கிட்டுக் கிடந்தா அந்த மனுஷனுக்கு எதுக்குப் பாரம்?" என்றாள்.

அவள் புத்திசாலித்தனமான முடிவு எடுத்ததில் எனக்குத் திருப்தி. கோடையில் காற்றில் ஈரம் இருக்கும், தோல் தானாகவே ஆறப் பார்க்கும். அதனால் அவள் பிறந்தநாளுக்கு ஒரு சிவப்புச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். பின்பக்கம் திறந்த செருப்பு. குதிகாலுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை என்று பின்னால் ஒரு செவிலிப் பெண் சொன்னாள். எனக்கு அது முன்பே தெரியும்.

அந்தச் செவிலிப் பெண் பெயர் மாரிசெல். போன வருடம் நவம்பரில், முதியோர் மன்றத்தில் பாதப் பரிசோதனை நடத்த வந்தாள். ரோசாலியின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வெடிப்பாக விரித்துப் பார்த்தாள்.

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கும்மா. இந்த வெடிப்புல கிருமி போச்சுன்னா பாதத்தையே எடுக்கற மாதிரி ஆயிடலாம். விளையாட்டா எடுத்துக்காதீங்க" என்றாள்.

கையில் ஒரு விளக்கத் தாளும் ஒரு டப்பா களிம்பும் கொடுத்தாள். யூரியா கலந்த களிம்பு.

"யூரியாவா? அது வயலுக்குப் போடறதாச்சே. நான் என்ன கோதுமையா?" என்றாள் ரோசாலி. மாரிசெலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த விளக்கத் தாளை நான் இரண்டு முறை படித்தேன். நன்றாக எழுதியிருந்தார்கள்.

களிம்பு ஒரே வாரத்தில் வேலை செய்யத் தொடங்கியது. அதுதான் சிக்கல். ரோசாலி பார்க்காத நேரத்தில் டப்பாவில் முக்கால்வாசியை வழித்து எடுத்துவிட்டு, சட்டைக்குப் போடும் கஞ்சிமாவையும் ஊசி போடுமுன் தேய்க்கும் ஸ்பிரிட்டையும் கலந்து நிரப்பினேன். வாசனை தெரியாமலிருக்க லாவண்டர் எண்ணெய் நான்கு சொட்டு. அச்சு அசலாக வந்தது. சமையலில் நான் எப்போதும் பதம் தவறியதில்லை. வழித்து எடுத்த நல்ல களிம்பை என் காலுக்குத் தடவிக்கொண்டேன். வீணாக்கக் கூடாதல்லவா. என் குதிகால் எப்படி இருக்கிறது என்று வேண்டுமானால் காட்டுகிறேன்.

நான் யோசிக்காமல் விட்ட இடம் ஒன்றுதான். ரோசாலிக்கு எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளத் தெரியாது. ரப்பர் பூட்ஸ் போட்டுப் போட்டு ஓரெஸ்டின் காலும் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்ததாம். பாதிக் களிம்பை ஒரு தகர டப்பாவில் போட்டு அவரிடம் கொடுத்திருக்கிறாள். அவள் கொடுத்ததாயிற்றே, அந்த மனுஷன் தினமும் இரண்டு வேளை பக்தியோடு தடவியிருக்கிறார். பிப்ரவரியில் அவரும் நொண்டத் தொடங்கினார்.

ஆக, சனிக்கிழமைகளில் ஊரே போல்கா ஆடிக்கொண்டிருக்க, இவர்கள் இருவர் மட்டும் சுவரோரம் உட்கார்ந்து, நான்கு பாதங்களையும் ஒரே நாற்காலியில் நீட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். ஆடும்போது அதிகம் பேச முடியாது. உட்கார்ந்துவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

"என்ன ஓரெஸ்ட், ஆடாமலே களைச்சுட்டீங்களா?" என்று யாரோ சீண்டினார்கள்.

"நாங்க ஜோடியா நொண்டறோம். உங்களுக்கு அது வருமா?" என்றார் அவர்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரோசாலிக்குக் காய்ச்சல். இடது குதிகால் வீங்கி, கணுக்காலிலிருந்து மேலே ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. அந்தக் கோடு தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று விளக்கத் தாளில் தனியாகக் கட்டம் போட்டு எழுதியிருந்தார்கள். மதியம் வரை பார்க்கலாம் என்றேன். அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து, தலையணையைச் சரிசெய்து, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் வந்த பிறகு நாங்கள் அவ்வளவு அமைதியாக இருந்த காலை வேறு கிடையாது.

பதினோரு மணிக்கு ஓரெஸ்ட் எதற்கோ வந்தார். ஒரு பார்வை பார்த்தார். நொண்டிக்கொண்டே அவளைத் தூக்கிக்கொண்டுபோய் லாரியில் வைத்தார்.

மருத்துவமனையில் ஒன்பது நாள். பாதத்தை எடுக்கவில்லை. எடுப்பதா வேண்டாமா என்று இரண்டு நாள் பேசினார்களாம். அங்கே வந்த மாரிசெல், நடைக்கூடத்தில் ஓரெஸ்ட் பூட்ஸைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறாள். இரண்டு வீடு, இரண்டு ஆள், ஒரே மாதிரி வெடிப்பு. என்ன தடவுகிறீர்கள் என்று கேட்டு, அவர் சட்டைப்பையிலிருந்த தகர டப்பாவை வாங்கி விரலால் தேய்த்து முகர்ந்தாளாம். நான் பூக்களோடு வார்டுக்குள் போனபோது மூன்று பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

"இது களிம்பு இல்ல. சட்டைக் காலருக்குப் போடற கஞ்சி" என்றாள் மாரிசெல்.

"நெட்டி, நீயா?" என்றாள் ரோசாலி.

பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. "ஆமா" என்றேன். தண்ணீர், சோப்பு, அரம், செருப்பு, களிம்பு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பாதியிலேயே மாரிசெல் ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

"எதுக்கு?" என்றாள் ரோசாலி.

"நீ போயிடுவேன்னுதான்."

ரோசாலி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேனே" என்றாள். "ரெண்டு குளிர்காலம் என் காலை அரத்தால ராவினதுக்கு, ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே, நெட்டி."

அதைப் பற்றி நான் பிறகு நிறைய யோசித்தேன். கேட்பதென்றால் அவளை வற்புறுத்துவதாகும். அடுத்தவர் விருப்பத்தில் நான் ஒருநாளும் குறுக்கே நின்றவளில்லை.

அவள் மருத்துவமனையிலிருந்து நேராகப் பண்ணைக்குப் போனாள். பெட்டிகளை எடுக்க ஓரெஸ்ட் மட்டும் வந்தார். அந்த வீட்டில் சாயங்காலம் ஆனால் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களாம். தண்ணீரில் முழங்கை வைத்துப் பார்க்கிறார்களாம், எல்லாம் நான் சொல்லிக் கொடுத்த முறைதான். ஆறு வாரத்தில் இரண்டு பேருக்கும் தோல் கூடிவிட்டது என்று மாரிசெல் சொன்னாள். நீங்களும் போய்ப் பார்த்திருப்பீர்கள்.

ஆக, ரோசாலியின் காலைக் கெடுத்தது நான்தான். இரண்டு குளிர்காலமும் நடுவில் ஒரு கோடையும், தெரிந்தே. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஆனால் அவளை அங்கேயே விட்டு வைப்பது சரிதானா என்று உங்கள் அலுவலகம் யோசிக்க வேண்டும். மாதம் ஒருமுறை என்னைத் தொலைபேசியில் கூப்பிடுகிறாள், மூன்று நிமிடம். போன முறை பின்னாலிருந்து அந்த மனுஷன் ஏதோ சொல்ல, ரோசாலி சிரித்தாள். நிறுத்தப் பார்த்து முடியாமல், மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். அவளைப் பிறந்த நாளிலிருந்து அறிந்தவள் நான். உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறவள் அவ்வளவு நேரம் சிரிக்க மாட்டாள்.