மாதா முகத்து வெள்ளை

ஈய வெள்ளை செவுத்துக்கு ஆகாதுன்னு எனக்கு மொதல்ல சொன்னது, படம் வரையற எம்புருஷன் ஹாமண்ட்தாங்க ஐயா. கல்யாணமான வருஷம், கதிரறுப்புக்கு முந்தி. செவுத்துக்குச் சுண்ணாம்பு வெள்ளை, புத்தகப் படத்துக்கு ஈய வெள்ளை, மாத்திடாதடின்னாரு. உக்காருங்க. அங்க வேணாம், அந்த மூலை ஓதம்.

என்னது? ஆமா, அதேதான், செவுத்துல இருக்கற அந்தக் கறுத்த மாதா முகம். எம்மவன் ஓஸ்பெர்ட் வரஞ்சது. ரெண்டு குளிருக்கு முன்னால பாலாட்டம் இருந்துச்சு. அஸூர் நீல முக்காடு அப்படியே இருக்கு பாருங்க. சினோப்பர் செவப்பும் மங்கல. முகம் மட்டுந்தான் அடுப்புக்கரி.

ஊரா? பாவி கை பட்டதால மாதா கறுத்துட்டாளாம். மில்லுக்காரி குனில்டா நேத்து மூஞ்சிக்கு நேராவே கேட்டா, உம்மவன் குடிச்ச பீரெல்லாம் மாதா முகத்துல ஏறிடுச்சான்னு. போடி, உம்புருஷன் குடிக்கிற குடிக்கு இந்தக் கோயிலே கறுத்திருக்கணும்னேன். செபமாலையக் கையில வச்சிக்கிட்டே சொன்னேன். தப்புதான்.

எழுதாதீங்க, இருங்க. ஆயர் அனுப்பின ஆளு நீங்க, அவன விசாரிச்சீங்கல்ல? ஒண்ணுமே பேசலியா? பேச மாட்டான். முகம் கறுக்க ஆரம்பிச்ச அன்னிக்கு என்னைய ஒரு பார்வை பாத்தான். அவ்வளவுதான், தூரிகையக் கழுவப் போயிட்டான்.

இல்லீங்க, தண்ணி வேணாம். நின்னுக்கிட்டே சொல்லிடறேன்.

எம்மவ ஏவிஸ் பிள்ளவலியில மூணு நாளு கெடந்தா. தாயையும் பிள்ளையையும் குடுத்துடு, உன் முகத்துக்கு இருக்கறதுலயே நல்ல வெள்ளை வைக்கிறேன்னு மாதாகிட்ட நேந்துக்கிட்டேன். குடுத்துட்டா. ஓஸ்பெர்ட் பூசின சுண்ணாம்பு வெள்ளை எனக்கு என்னமோ சாம்பலாட்டம் பட்டுச்சு. புத்தகத்துக்குன்னு வச்சிருந்த ஈய வெள்ளைய எடுத்தேன். அவன் சாப்பிடப் போன நேரமாப் பாத்து, நான்தாங்க ஏணியில ஏறி முகத்துல பூசினேன். ஈய வெள்ளை செவுத்துல கறுத்துடும்னு ஹாமண்ட் சொன்னது ஞாபகம் இருந்துச்சு. மாதாவுக்கு வைக்கிறது எப்படிக் கறுக்கும்னு நெனச்சேன்.

ஞாயித்துக்கெழம பாவப் பரிகாரமா ஊரு பாக்க, வெறுங்காலோட, மெழுகுவத்தி ஏந்தி அவன நடக்கச் சொல்லப்போறீங்களாம். அப்படி நடந்தவனுக்கு எந்தக் கோயில்லயாச்சும் வரைய செவுரு குடுப்பாங்களா?

அந்த மெழுகுவத்திய எங்கிட்ட குடுங்க ஐயா.